கிருமி செத்த பிறகும் விரல் மடங்குவது ஏன்?



சில மாதங்களுக்கு முன் ஒரு சபையிலிருந்து மருத்துவமனையைப் பார்க்க வந்திருந்தார்கள். அவர்களில் வயதான தாயார் ஒருவர், தொழுநோய் வார்டில் இருந்த ஒரு சகோதரரின் கையை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய சுண்டுவிரலும் மோதிர விரலும் உள்நோக்கி மடங்கியிருந்தன. வெளியே வந்ததும் தாயார் எங்களிடம் கேட்டார்கள்: "இவர் மாத்திரை எல்லாம் முடித்துவிட்டார், கிருமி இல்லை என்று சொல்லுகிறீர்கள். அப்படியானால் விரல் ஏன் மடங்கிப்போயிற்று?"

நியாயமான கேள்வி. உங்களில் பலருக்கும் இது தோன்றியிருக்கும். கிருமியைப் பற்றி மட்டும் சொன்னால் இதற்குப் பதில் கிடைக்காது. நம் சரீரத்தில் இரவும் பகலும் விழித்திருக்கிற காவலைப் பற்றியும் சொல்லவேண்டும். தொழுநோயில் கை கால்களுக்கு வரும் சேதத்தில் பெரும்பங்கு, கிருமியோடு போராடும் நம்முடைய சொந்தக் காவல் படையால் வருவதாகும். இதை விளங்கிக்கொண்டால், "தொழுநோய்தான் ஒழிந்துவிட்டதே, இன்னும் அதற்கு ஏன் வார்டு?" என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

தோல் என்னும் மதில்

வளர்ந்த ஒருவருடைய தோலை விரித்தால் சுமார் ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் இருக்கும். அதன் மேலடுக்கு செத்த அணுக்களால் ஆனது. ஓடு வேய்ந்தது போல அவை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. உதிரும்போது அவற்றில் ஒட்டிய கிருமிகளும் சேர்ந்து உதிர்கின்றன. வியர்வையும் எண்ணெய்ப் பசையும் தோலை லேசான அமிலத் தன்மையோடு வைத்திருக்கின்றன. இது பல கிருமிகளுக்குப் பிடிப்பதில்லை. போதாததற்கு, நமக்குத் தீங்கு செய்யாத கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் நம் தோலில் ஏற்கெனவே குடியிருக்கின்றன. பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடித்தவர்களைப் போல, பின்னால் வரும் கெட்ட கிருமிகளுக்கு அவை இடம் விடுவதில்லை.

ஆகவே, தோலில் கீறலோ வெடிப்போ இல்லாதவரையில் பெரும்பாலான கிருமிகளால் உள்ளே வர முடியாது.

முள் குத்தினால் நடப்பது என்ன?

வயலில் வேலை செய்யும் ஒருவர் காலில் முள் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முள்ளோடு ஸ்டெஃபைலோகாக்கஸ் என்னும் கிருமியும் உள்ளே போகிறது. சாதாரணக் கட்டிகளுக்கும் சீழ்ப்புண்களுக்கும் பெரும்பாலும் இதுவே காரணம். இடமும் சத்தும் கிடைத்தால் அரை மணி நேரத்துக்கு ஒருமுறை இது இரண்டாகப் பெருகக்கூடியது.

தோலுக்கு அடியில் காவலிருக்கும் அணுக்கள் அந்நியன் வந்ததை உடனே கண்டு, ரசாயனச் செய்திகளை வெளியிடுகின்றன. அருகிலுள்ள இரத்தக் குழாய்கள் விரிந்து, இரத்த ஓட்டம் அங்கே அதிகமாகிறது. அதனால் அந்த இடம் சிவந்து சூடாகிறது. குழாய்களிலிருந்து நீர் கசிவதால் வீங்குகிறது. நரம்பு முனைகள் தூண்டப்படுவதால் வலிக்கிறது. சில மணி நேரத்துக்குள் வெள்ளை அணுக்கள் படையாக வந்து, கிருமிகளை விழுங்கி அழிக்கத் தொடங்குகின்றன. நம் எலும்பு மஜ்ஜை இந்த வெள்ளை அணுக்களை நாள் ஒன்றுக்குச் சுமார் 10,000 கோடி என்ற கணக்கில் உண்டாக்குகிறது. போராட்டத்தில் மடிந்த வெள்ளை அணுக்களும், செத்த கிருமிகளும், சிதைந்த சதையும் சேர்ந்ததுதான் நாம் சீழ் என்று முகம் சுளிக்கிற பொருள்.

வெள்ளை அணுக்கள் இப்படி விழுங்குவதன் அர்த்தத்தை முதலில் விளக்கியவர் ரஷ்ய நாட்டு அறிஞர் எலி மெச்னிகாஃப். 1882-ஆம் ஆண்டு இத்தாலியின் மெசினா நகரில் தங்கியிருந்தபோது, கண்ணாடி போலத் தெளிவான நட்சத்திர மீன் குஞ்சுகளின் உடலில் சிறு முட்களைக் குத்தி வைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால், நகரும் அணுக்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றன. இதன் பலனாக 1908-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசைப் பகிர்ந்துகொண்ட பால் எர்லிக், இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருள்களைப் பற்றி ஆராய்ந்தவர். விழுங்கும் அணு ஒரு பக்கம், எதிர்ப்புப் பொருள் மறுபக்கம் என்ற இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும் என்பது நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். அந்த நெறியும் காவலின் ஒரு பகுதிதான். புண்ணிலிருந்து கிருமியின் துணுக்குகள் அங்கே கொண்டுவரப்படுகின்றன. அவற்றை அடையாளம் காணும் 'டி' அணுக்கள் என்ற தனி வெள்ளை அணுக்கள் அங்கே பெருகிப் புறப்படுகின்றன. இந்த 'டி' அணுக்கள்தான் நமது கதையின் மையம்.

சத்தமில்லாமல் வரும் கிருமி

தொழுநோய்க் கிருமியை 1873-ல் நார்வே நாட்டின் பெர்கன் நகரில் டாக்டர் ஹான்சன் கண்டுபிடித்தார். இதன் குணம் ஸ்டெஃபைலோகாக்கஸுக்கு நேர் எதிர். இரண்டாகப் பெருக இதற்கு 12 முதல் 14 நாட்கள் பிடிக்கும். விஷம் எதையும் கக்குவதில்லை. சூடு இல்லை, சிவப்பு இல்லை, சீழ் இல்லை, காய்ச்சலும் இல்லை. ஆகவே காவலர்களும் விழித்துக்கொள்வதில்லை. கிருமி உள்ளே வந்து நோய் தெரிவதற்குச் சராசரியாக 5 ஆண்டுகள் ஆகும். சிலருக்கு 20 ஆண்டுகள்கூட ஆகலாம்.

இன்னொரு விசேஷம், மெச்னிகாஃப் கண்ட அந்த விழுங்கும் அணுக்களுக்கு உள்ளேயே இது குடியிருக்கும். விழுங்கப்பட்ட பிறகும் சாகாமல், விழுங்கியவனுடைய வயிற்றையே வீடாக்கிக்கொள்கிறது. நரம்புகளைப் போர்த்தியிருக்கும் ஷ்வான் அணுக்களுக்குள்ளும் புகுந்துகொள்கிறது. குளிர்ச்சியான இடங்களே இதற்குப் பிடிக்கும். ஆகவே மூக்கு, காது மடல், கை கால்களின் தோல், முழங்கை, முழங்கால், கணுக்கால் அருகே தோலுக்குச் சற்றுக் கீழே ஓடும் நரம்புகள் ஆகியவற்றில் தங்குகிறது.

இங்கே ஒரு பயத்தை நீக்கிவிட விரும்புகிறோம். மனிதரில் 100-ல் 95 பேர் அளவுக்கு இந்தக் கிருமியை எதிர்க்கும் சக்தியை இயற்கையாகவே பெற்றிருக்கிறார்கள். சிகிச்சை பெறாத ஒருவரோடு நெடுநாள் நெருங்கி வாழ்ந்தால்தான், அதுவும் பெரும்பாலும் மூக்கு வாய்த் திவலைகள் மூலமாக, இது பரவுகிறது. கைகுலுக்குவதாலோ, பக்கத்தில் உட்கார்ந்து ஆராதிப்பதாலோ, ஒன்றாகச் சாப்பிடுவதாலோ தொற்றுவதில்லை. மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே பரப்பும் தன்மை போய்விடுகிறது. லேவியராகமம் 13, 14-ஆம் அதிகாரங்களில் குஷ்டம் என்ற சொல் வஸ்திரத்துக்கும் வீட்டுச் சுவருக்கும்கூடச் சொல்லப்பட்டிருக்கிறது. ஆகவே வேதத்தில் வரும் அந்தச் சொல்லும், இன்று நாம் சிகிச்சை செய்யும் இந்த வியாதியும் ஒன்றே என்று எண்ணிவிடக்கூடாது.

ஒரே கிருமி, இரு வேறு வியாதிகள் போல

இந்த நோயில் மருத்துவர்களை நெடுங்காலம் குழப்பிய விஷயம் ஒன்று உண்டு. ஒருவருக்கு ஒன்றிரண்டு தேமல்கள் மட்டுமே இருக்கும். தேமலின் விளிம்பு தெளிவாக இருக்கும். தொட்டால் உணர்ச்சி இருக்காது. சோதித்தால் கிருமி கிடைப்பதே அரிது. வேறொருவருக்கு உடல் முழுவதும் தோல் தடித்து, காது மடல் பெருத்து, புருவம் உதிர்ந்து, தோலின் ஒவ்வொரு துளியிலும் கிருமிகள் மலிந்திருக்கும். கிருமி ஒன்றுதான்; வேறுபடுவது அதைச் சந்திக்கும் மனிதரின் எதிர்ப்பு. இந்த அடிப்படையில் ரிட்லி, ஜோப்ளிங் என்ற இரு மருத்துவர்கள் 1966-ல் வெளியிட்ட வகைப்பாட்டை மருத்துவ உலகம் இன்றும் பின்பற்றுகிறது.

முதல் வகையினரிடம் 'டி' அணுக்கள் வலிமையாக வேலை செய்கின்றன. கிருமியைச் சுமந்துகொண்டு சும்மா இருக்கும் விழுங்கும் அணுவுக்கு, அவை இன்டர்ஃபெரான் காமா என்ற ரசாயனச் செய்தியை அனுப்பி எழுப்பிவிடுகின்றன. எழும்பிய அணு தன்னுள் இருக்கும் கிருமியைக் கொல்லுகிறது. ஆகவே கிருமி பரவ முடிவதில்லை.

இரண்டாம் வகையினரிடம் 'டி' அணுக்கள் இந்த ஒரு கிருமியைக் கண்டு மட்டும் மௌனமாயிருக்கின்றன. எர்லிக் ஆராய்ந்த எதிர்ப்புப் பொருள்களோ இரத்தத்தில் ஏராளமாக உண்டாகின்றன, ஆனால் பயனில்லை. எதிர்ப்புப் பொருள் இரத்தத்திலும் திசு நீரிலும் சுற்றுவது; கிருமியோ அணுவுக்குள் ஒளிந்திருப்பது. தெருவில் எத்தனை காவலர் நடந்தாலும், வீட்டுக்குள் கதவடைத்துக்கொண்டவனை என்ன செய்ய முடியும்?

பெரும்பாலான நோயாளிகள் இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் இருப்பவர்கள். அவர்களுடைய எதிர்ப்பு நிலையாக நிற்பதில்லை, ஏறும், இறங்கும். ஆபத்து இவர்களுக்குத்தான் அதிகம்.

காவலன் திடீரென்று விழித்தால்

தாயார் பார்த்த அந்தச் சகோதரர் ஒரு விவசாயக் கூலித் தொழிலாளி. முன்கையில் உணர்ச்சியற்ற தேமலோடு எங்களிடம் வந்தார். கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கினோம். ரிஃபாம்பிசின், டாப்சோன், க்ளோஃபசிமின் என்ற மருந்துகளைச் சேர்த்துத் தரும் இந்த முறையை உலக சுகாதார நிறுவனம் 1981-ல் பரிந்துரைத்தது. 1995 முதல் உலகெங்கும் இது இலவசமாகக் கிடைக்கிறது. நோயின் அளவைப் பொறுத்து 6 அல்லது 12 மாதங்கள் சாப்பிட்டால் கிருமி அழிந்துவிடும்.

மூன்றாவது மாதத்தில் அவருடைய தேமல் தீப்போலச் சிவந்து வீங்கியது. முழங்கையில் வலி எடுத்தது. அவர் எங்களிடம் வரவில்லை; மாத்திரையை நிறுத்திவிட்டார். பதினோரு மாதம் கழித்து, விரல் மடங்கிய கையோடு வந்து நின்றார். "மாத்திரை சூடு சிஸ்டர், உடம்புக்கு ஒத்துக்கலை. அதான் நிறுத்திட்டேன்" என்றார்.

உண்மையில் நடந்தது வேறு. எதிர்ப்புச் சக்தி திடீரென்று ஏறி, அதுவரை மௌனமாயிருந்த 'டி' அணுக்கள் விழித்துக்கொண்டன. கிருமி இருந்த இடமெல்லாம், செத்த கிருமியின் துணுக்கு இருந்த இடமெல்லாம் அவை பாய்ந்தன. தோலில் இது நடந்தால் வீக்கத்தோடு போய்விடும். நரம்புக்குள் நடந்தால் அப்படிப் போவதில்லை. முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை 'சுர்' என்று ஏறுமே, அந்த நரம்பு அங்கே ஒரு குறுகிய எலும்புப் பள்ளத்தின் வழியாகப் போகிறது. அது வீங்கினால் விரிவதற்கு இடமில்லை. வீக்கத்தில் நெரிபட்டு, இரத்த ஓட்டம் குறைந்து, நரம்பிழைகள் மடிகின்றன. அந்த நரம்பு இயக்கும் சிறு தசைகள் ஓய்ந்துபோவதால் சுண்டுவிரலும் மோதிர விரலும் மடங்கிவிடுகின்றன. எதிரியைப் பிடிக்க வந்தவர்கள் வீட்டையே இடித்துவிட்டது போலத்தான்.

இதை நாங்கள் 'ரியாக்ஷன்' என்று சொல்லுகிறோம். சிகிச்சை தொடங்கிய முதல் மாதங்களிலே இது அதிகம் வரும். சிகிச்சைக்கு முன்பும் வரலாம், முடிந்து பல ஆண்டுகள் கழித்தும் வரலாம். கிருமி மிகுந்தவர்களுக்கு வேறொரு வகை ரியாக்ஷனும் உண்டு. சிதைந்த கிருமியின் துணுக்குகளோடு எதிர்ப்புப் பொருள்கள் சேர்ந்து திசுக்களில் படிந்து, காய்ச்சலும், தொட்டால் வலிக்கும் சிவந்த முடிச்சுகளும், சில சமயம் கண்ணில் அழற்சியும் உண்டாகும். கவனிக்காமல் விட்டால் பார்வையே பாதிக்கப்படலாம்.

அந்தச் சகோதரர் மறுபடியும் மாத்திரையைத் தொடங்கி ஒழுங்காக முடித்தார். கிருமி போய்விட்டது. ஆனால் பதினோரு மாதங்களாகச் செயலற்றிருந்த நரம்பு திரும்பவில்லை. இதில் எங்கள் தவறும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. மாத்திரையைக் கொடுத்த அன்றைக்கே, "நடுவில் தேமல் சிவந்து வீங்கலாம், அது மருந்தின் குற்றமல்ல, உடனே வாருங்கள்" என்று அவருக்குப் புரியும்படி நாங்கள் சொல்லியிருக்கவேண்டும். இப்போது ஒவ்வொருவருக்கும், அவருடைய வீட்டாரையும் உட்காரவைத்து, இதைச் சொல்லாமல் மாத்திரை கொடுப்பதில்லை.

அதே ஆண்டில் நாற்று நடவு வேலை செய்யும் ஒரு சகோதரியும் வந்தார். "நடக்கையில செருப்பு கழண்டு போறதே தெரியலை சிஸ்டர்" என்றார். தொடங்கி பத்து நாட்களே ஆகியிருந்தன. முழங்காலுக்கு வெளிப்புறம் ஓடும் நரம்பு தடித்திருந்தது. பாதத்தை மேலே தூக்க முடியவில்லை. உடனே பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைத் தொடங்கினோம். கிருமிக்கான மாத்திரையையும் நிறுத்தவில்லை. பிரெட்னிசலோன் கிருமியைக் கொல்வதில்லை. காவலனின் கையைப் பிடித்து நிதானப்படுத்துவதே அதன் வேலை. மெல்ல மெல்ல அளவைக் குறைத்து, சுமார் 20 வாரங்கள் கொடுக்கவேண்டும். சர்க்கரை, இரத்த அழுத்தம், வயிற்றுப் புண் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டே கொடுக்கவேண்டியிருப்பதால், தானாகக் கடையில் வாங்கிச் சாப்பிடும் மருந்து அல்ல. ஐந்தாம் மாதத்தில் அந்தச் சகோதரியின் பாதம் எழும்பியது. அடுத்த நடவுக்கு வயலுக்குப் போய்விட்டார்.

நரம்பு செயலிழந்து 6 மாதங்களுக்குள் வந்துவிட்டால், அதை மீட்க நல்ல வாய்ப்பு உண்டு. அதற்குப் பிறகு வாய்ப்பு மிகவும் குறைவு. இரண்டு பேருக்கும் ஒரே கிருமி, ஒரே மாத்திரை. பத்து நாளுக்கும் பதினோரு மாதத்துக்கும் உள்ள வித்தியாசந்தான் ஒருவருக்குக் கையாகவும் ஒருவருக்குக் காலாகவும் முடிந்தது.

வலியும் ஒரு காவல்தான்

நரம்பு போனால் விரலின் அசைவு மட்டும் போவதில்லை, வலியும் போய்விடுகிறது. 1940-களின் பிற்பகுதியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், இதைக் கண்டு உலகுக்கு எடுத்துச் சொன்னவர். செங்கல்பட்டில் டாக்டர் காக்ரேன் நடத்திவந்த தொழுநோய் மருத்துவமனைக்கு அவர் சென்றபோது, மடங்கிய கையுடைய ஒரு நோயாளியின் பிடி இன்னும் மிக வலிமையாக இருப்பதைக் கண்டு வியந்தார். எல்லாத் தசைகளும் கெடவில்லை என்றால், நல்ல தசைநார் ஒன்றை மாற்றித் தைத்து விரலை நிமிர்த்தலாமே என்று எண்ணினார். தொழுநோயால் மடங்கிய கைகளுக்கு அவர் தசைநார் மாற்று அறுவை சிகிச்சை செய்யத் தொடங்கியது அப்படித்தான். வார்டில் இருக்கும் நமது சகோதரரும் அதற்காகத்தான் காத்திருக்கிறார்.

விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்று அதுவரை பலரும் நம்பினார்கள். அப்படி இல்லை என்று பிராண்ட் காட்டினார். வலி தெரியாதவர் சூடான பாத்திரத்தை விடாமல் பிடிக்கிறார். காலில் ஆணி ஏறினாலும் நடந்துகொண்டே இருக்கிறார். நரம்பு போனதால் வியர்வையும் நின்றுபோகிறது; தோல் காய்ந்து வெடிக்கிறது. நாம் முதலில் பார்த்த மதில் அங்கே இடிந்துவிடுகிறது. ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற கிருமிகள் வெடிப்பு வழியே நுழைகின்றன. வெள்ளை அணுக்கள் வந்து போராடத்தான் செய்கின்றன, சீழும் பிடிக்கிறது. ஆனால் "காலை ஊன்றாதே, ஓய்வு கொடு" என்று சொல்லவேண்டிய வலி அங்கே இல்லை. ஆகவே புண் ஆழமாகி எலும்புவரை போகிறது. விரல்கள் குறைவது இப்படித்தான்.

இதனால்தான் தினமும் பாதத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, காய்ப்பைத் தேய்த்து, ஈரத்தோடு எண்ணெய் தடவச் சொல்லிக் கொடுக்கிறோம். எம்.சி.ஆர். செருப்பு கொடுக்கிறோம். வலி செய்யவேண்டிய காவலை அவர்களுடைய கண்கள் செய்யும்படி பழக்குகிறோம்.

நீங்கள் அறியவேண்டியது

தேசிய அளவில் 10,000 பேருக்கு ஒருவர் என்ற அளவுக்கும் கீழே நோய் குறைந்துவிட்டது என்று 2005 டிசம்பரில் இந்தியா எட்டிய நிலை பெரிய சாதனைதான். ஆனாலும் 2023-ல் உலகில் கண்டுபிடிக்கப்பட்ட 1,80,000-க்கும் அதிகமான புதிய நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் நமது நாட்டினர். மாத்திரை முடித்தவர்கள் நோயாளிகளின் கணக்கிலிருந்து நீக்கப்படுகிறார்கள். அவர்களுடைய நரம்புகளுக்கு வரக்கூடிய ஆபத்து அந்தக் கணக்கோடு முடிவதில்லை.

எங்கள் பிரிவில் செய்யும் சோதனை மிகவும் எளியது. நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் பால்பாயிண்ட் பேனா முனையால் மெல்லத் தொடுகிறோம். தொட்ட இடத்தை அவர் விரலால் காட்டவேண்டும். சென்ற மாதம் காட்டிய இடத்தை இந்த மாதம் காட்ட முடியாவிட்டால், நரம்புக்குள் போராட்டம் தொடங்கிவிட்டது என்று அறிகிறோம். வலியே இல்லாமலும் நரம்பு கெடக்கூடும் என்பதால், ஒவ்வொரு வருகையிலும் இதைச் செய்கிறோம்.

உங்கள் சபையிலோ, தெருவிலோ, உங்கள் வீட்டில் வேலை செய்பவர்களிலோ யாருக்காவது உணர்ச்சியற்ற தேமல் இருந்தால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். மாத்திரை சாப்பிடுகிறவரோ, என்றோ முடித்தவரோ, "தேமல் சிவந்து வீங்குகிறது, முழங்கை வலிக்கிறது, சட்டைப் பொத்தான் போட வரவில்லை, செருப்பு கழன்று போகிறது, கண் சிவந்திருக்கிறது" என்று சொன்னால், மாத்திரையை நிறுத்தவேண்டாம் என்று சொல்லி, அந்த வாரத்திலேயே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

அந்தத் தாயார் விடைபெறுமுன், மறுபடியும் வார்டுக்குள் போய் அந்தச் சகோதரருடைய மடங்கிய கையைத் தம்முடைய இரண்டு கைகளிலும் பிடித்துக்கொண்டு ஜெபித்தார்கள். அவருடைய அறுவை சிகிச்சைக்காக நீங்களும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருத்துவமனைக் குடும்பத்தார்